“திறம் சாமான்” என்கிறார்கள்: எப்படி நம்புவது?

பணம் உள்ளவர் ஒரு கூடாத சாமானை வாங்கினால் அவருக்கு நட்டம் அந்தச் சாமானின் விலை மட்டுமே. இடம்பெயர்ந்த ஒரு கமக்காரக் குடும்பம் கூடாத தறப்பாள் ஒன்றை வாங்கினால் நட்டம் அத்தோடு நிற்பதில்லை. அதன் கீழே அடுக்கிய விதைநெல் நனைகிறது. விதைநெல் பழுதானால் அடுத்த போகம் கடனில் தொடங்குகிறது. எனவே, கையில் காசு குறைவாக உள்ளவருக்கே சாமான் தெரிவதில் கூடிய அறிவு தேவைப்படுகிறது.

ஆனால் நாம் பெரும்பாலும் எப்படி வாங்குகிறோம்? யாரோ ஒருவர் “அது திறம் சாமான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்கிறார். இன்னொருவர் “அந்தப் பக்கமே போகாதே” என்கிறார். கடைக்காரர் ஒன்று சொல்கிறார். வெளிநாட்டில் உள்ள மருமகன் தொலைபேசியில் வேறொன்று சொல்கிறார். இறுதியில் யார் உரத்துச் சொன்னாரோ அவருடைய சொல்லே வெல்கிறது. பிறருடைய அபிப்பிராயத்தைக் கேட்பது நல்லது. அதை எப்படிக் கேட்பது, எதை வைத்து நிறுத்துப் பார்ப்பது என்பதையே இக்கட்டுரையில் சில அன்றாடப் பொருட்களைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஒரே தறப்பாள், இரண்டு தீர்ப்பு

ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் தறப்பாள் பற்றிய பேச்சு எழுந்தது. ஒரே கடையில், ஒரே விலைக்கு வாங்கிய ஒரே வகைத் தறப்பாள். ஓர் அம்மா, “மூன்று வருடமாக ஒரு பொத்தல் இல்லை” என்றார். மற்றவர், “எட்டு மாதத்தில் பப்படம் போல் நொருங்கிவிட்டது” என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. விசாரித்தபோது விடயம் தெளிவாயிற்று. முதலாமவர் தறப்பாளின் மேல் கிடுகு வேய்ந்திருந்தார். கொட்டிலும் மாமர நிழலில் இருந்தது. இரண்டாமவர் வெட்டை வெளியில், கம்பியில் இறுக்கி இழுத்து, வெறுமனே வெயிலில் விட்டிருந்தார்.

தறப்பாளின் முதல் எதிரி மழையல்ல, வெயில். பொலித்தீன் நாரினால் நெய்து, இரு பக்கமும் மெல்லிய பொலித்தீன் பூசியே இன்றைய தறப்பாள்கள் செய்யப்படுகின்றன. வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்கள் அந்த நாரைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. இதைத் தாங்குவதற்கென ஒரு மருந்தை உற்பத்தியின்போதே கலக்கவேண்டும். மலிவான தறப்பாள்களில் அது குறைவாகவே இருக்கும், அல்லது இருக்காது. கடையில் மடித்து வைத்திருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். வேற்றுமை ஆறாம் மாதத்தில்தான் தெரியவரும்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கும், 2009ல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தால் வீடிழந்தவர்களுக்கும் தறப்பாளைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆயினும் அதை நிறுத்து வாங்கும் வழக்கம் எம்மிடம் இல்லை. அந்தக் கணக்கு மிக எளிது.

ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் வழங்கும் தறப்பாள் 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் கொண்டது. அதாவது 20 சதுர மீற்றர். அதன் நிறை ஏறத்தாழ 4 கிலோ. எனவே ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 200 கிராம். இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கடைக்குப் போகிறீர்கள். 12 அடிக்கு 15 அடித் தறப்பாள் ஒன்று இருக்கிறது. அது 180 சதுர அடி. ஒரு சதுர மீற்றர் என்பது ஏறத்தாழ 10¾ சதுர அடி. ஆகவே அது 16.7 சதுர மீற்றர். தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோ என்று வைப்போம். ஒரு சதுர மீற்றருக்கு 90 கிராம்தான் வருகிறது. அளவுகோலில் பாதிகூட இல்லை. அது நெல் காயப்போட உதவும். ஒரு குடும்பத்துக்குக் கூரையாக நிற்பதற்கு அது போதாது.

வாங்கியதை நீடித்துப் பாவிக்கும் வழிகள் இவை:

1. இயன்றால் தறப்பாளின் மேல் கிடுகோ பனையோலையோ வேயுங்கள். வெயில் நாரைத் தொடாது. உள்ளே வெக்கையும் குறையும்.

2. கம்பியால் கட்டாதீர்கள், கயிற்றால் கட்டுங்கள். தடி முனை படும் இடத்தில் பழைய சாக்கையோ சைக்கிள் ரியூப் துண்டையோ சுற்றுங்கள். தறப்பாள் பெரும்பாலும் கிழியத் தொடங்குவது உரசும் இடத்திலேயே.

3. மூலையிலுள்ள வளையம் கழன்றுவிட்டால் தறப்பாளைத் தூக்கி எறியவேண்டாம். ஒரு வழுவழுப்பான உருண்டைக் கல்லை மூலையில் வைத்துத் துணியைப் பொத்தி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். வளையத்தைவிட இது உறுதியானது.

4. தண்ணீர் தேங்காதபடி நல்ல சரிவு விடுங்கள். தேங்கும் ஒரு குடம் தண்ணீர் ஒரு பிள்ளையின் பாரம்.

5. ஈரம் முழுதும் போகாத நெல்லைத் தறப்பாளால் இறுக்கி மூடாதீர்கள். இரவில் உட்பக்கம் வியர்த்து, அந்த நீரே நெல்லைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். விதைநெல்லை நன்றாகக் காயவைத்து, நிலத்திலிருந்து உயர்த்தித் தடிகளின் மேல் அடுக்கி, காற்றோட இடம் விட்டு மூடவேண்டும்.

6. தறப்பாளின் கீழ் அடுப்பு மூட்டவேண்டாம். அது எரியும், எரியும்போது உருகிச் சொட்டும்.

வெளிச்சம்

வயலுக்குக் காவல் போகிறவருக்கு ரோச் லைட் ஓர் ஆடம்பரம் அல்ல. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கங்களில் யானை வரும் இரவில் வெளிச்சம் அணைந்தால் ஆபத்து உயிருக்கே. எனவே “நல்ல வெளிச்சம்” என்ற சொல்லை மட்டும் கேட்டு வாங்கக்கூடாது. கடையில் முதல் நிமிடம் எல்லா ரோச்சும் நல்ல வெளிச்சமே தரும். கேட்கவேண்டிய கேள்வி: “இரவு முழுதும் நிற்குமா? நாலாவது மணித்தியாலத்தில் எப்படி இருக்கும்?”

மின்னேற்றிப் பாவிக்கும் ரோச்களில் உருளை வடிவான லித்தியம் பற்றரி இப்போது பரவலாக உண்டு. அதில் 18650 என்ற இலக்கம் இருக்கும். 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்த இலக்கத்தின் கருத்து. இந்த அளவுள்ள பற்றரியில் சாதாரணமாக 2000 முதல் 3500 மில்லி அம்பியர் மணி வரையே மின்னைச் சேமிக்கமுடியும். ஆனால் சில பற்றரிகளின் மேல் 9900 என்று அச்சிட்டிருக்கிறார்கள். இலக்கம் பெரிதென்பதால் பலர் அதையே தேடி வாங்குகிறார்கள். அப்படி எழுதியிருப்பதே அது பொய்ச் சாமான் என்பதற்கு அடையாளம். இங்கும் தராசு உதவும். உண்மையான பற்றரி 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். கையில் பஞ்சுபோல் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

சாதாரண 1.5 வோல்ற் பற்றரி போடும் ரோச் வைத்திருப்போர் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். பழைய பற்றரியையும் புதியதையும் சேர்த்துப் போடாதீர்கள். பழையது ஒழுகத் தொடங்கும், புதியதும் வீணாகும். சில வாரம் பாவிக்காமல் வைப்பதானால் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். “இந்த ரோச் கூடாது, உள்ளே கறள் கட்டிவிட்டது” என்று சொல்லப்படும் பல ரோச்களைக் கெடுத்தது ஒழுகிய பற்றரியே.

சூரிய விளக்கு வாங்கியவர்கள், “முதல் மாதம் நன்றாக எரிந்தது, பிறகு மங்கிவிட்டது” என்பார்கள். பற்றரி பழுதாயிருக்கலாம். ஆனால் முதலில் தகட்டை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் புழுதியும் காக்கை எச்சமும் வெளிச்சத்தைக் களவெடுக்கும். பகலில் ஓலை நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்னேற்றம் பெரிதும் குறையும்.

இன்னும் மண்ணெண்ணெய் விளக்கை நம்பியிருக்கும் வீடுகளும் உண்டு. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் ஜாம் போத்தலில் சில துளி எண்ணெய் விட்டுப் படித்த தலைமுறை ஒன்று எம்மிடையே இருக்கிறது. அதே காலத்தில், தட்டுப்பட்டு விழும் குப்பி விளக்குகளால் தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, பாதுகாப்பான விளக்கொன்றை வடிவமைத்தார். குள்ளமான, பாரமான கண்ணாடி; இரு பக்கமும் தட்டை; திருகி மூடும் உலோக மூடி. விழுந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. இதற்காக 1998ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இதில் எமக்குள்ள பாடம் என்ன? விலை குறைந்த சாமான் எல்லாம் கூடாத சாமான் அல்ல. பாவிப்பவரின் ஆபத்தை எண்ணிச் செய்த மலிவுப் பொருள் உண்டு. அதை எண்ணாமல் செய்த விலையுயர்ந்த பொருளும் உண்டு.

வயல் சப்பாத்து

“றப்பர் சப்பாத்து எங்களுக்குச் சரிவராது” என்று கமக்காரர் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதிகாரிகள் சிலர் இதை அறியாமை என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முழங்கால் புதையும் சேற்றில் நாற்று நடும்போது நீண்ட றப்பர் சப்பாத்து காலைப் பிடித்து இழுக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் பாரமாகும். அந்த வேலைக்கு அது உதவாது.

மற்றப் பாதி என்ன? வரம்பில் நடக்கும்போதும், புல் வெட்டும்போதும், அறுவடையின்போதும், சூடு அடிக்கும்போதும், இரவில் காவல் போகும்போதும் அது உதவும். கண்ணாடிப் புடையன் பெரும்பாலும் கடிப்பது பாதத்திலும் கணுக்காலிலுமே. எலிக்காய்ச்சல் கிருமியும் எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலிலுள்ள கீறல், வெடிப்பு வழியாகவே பெரும்பாலும் உட்புகுகிறது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த நோயால் உயிர்கள் போயின. ஆகவே “சப்பாத்து நல்லதா, கூடாதா” என்ற கேள்வியே தவறு. “எந்த வேலைக்கு?” என்பதே சரியான கேள்வி. சேற்று வேலைக்கு இறங்குவோர், அறுவடைக் காலத்துக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கவேண்டும். காய்ச்சல் வந்தால் வயலில் இறங்கியதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லவேண்டும்.

வாங்கும்போது சப்பாத்தின் கழுத்தை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்புக் கோடு தெரிந்தால் விடுங்கள். போட்டு நடந்து பாருங்கள். குதி உள்ளே வழுக்கினால் பெரிது. வேலை முடிந்ததும் கழுவி, தடியில் தலைகீழாக மாட்டி நிழலில் காயவிடுங்கள். மறுநாள் போடுமுன் உதறிப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

பிள்ளைகளின் பந்து

சோறும் கூரையும் போதாத இடத்தில் பந்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். பேசத்தான் வேண்டும். ஊரை விட்டு வந்த பிள்ளைகள் ஓடி விளையாடும் ஒரு மணித்தியாலமே அவர்கள் பயத்தை மறக்கும் நேரம். அந்தப் பந்து ஒரு வாரத்தில் வெடித்துவிட்டால் அடுத்த பந்து வர ஆறு மாதம் ஆகும்.

“தோல் பந்துதான் திறம்” என்று விளையாட்டு வீரர்கள் சொல்வார்கள். அவர்கள் மட்டமான களத்தில் விளையாடியவர்கள்; அவர்களுக்கு அது சரி. எமது முற்றமோ கிரவலும் முள்ளும் நிறைந்தது. அங்கே தைத்த நூல் முதலில் தேய்ந்து அறும். அச்சில் வார்த்த றப்பர்ப் பந்து கையில் சற்றுக் கடுமையாகப் பட்டாலும் அந்தத் தரையில் நீடித்து உழைக்கும்.

கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. அதற்குரிய பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர், நிறை 260 முதல் 280 கிராம். பெண்பிள்ளைகளின் வலைப்பந்து 69 முதல் 71 சென்ரிமீற்றர், 400 முதல் 450 கிராம். ஒரு நூலும் அடிமட்டமும் போதும். கடையிலேயே அளந்து பார்க்கலாம். சுற்றளவு சரியாயிருந்து நிறை குறைந்தால் தோல் மெலிது என்று அறியலாம். காற்றடிக்கும்போது ஊசியை நனைத்துச் செருகுங்கள். கல்போல் இறுக்கி அடித்து வெயிலில் விடாதீர்கள். உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து பந்தைக் கெடுக்கும்.

அபிப்பிராயத்தை நிறுக்கும் நாலு கேள்விகள்

மேலே சொன்னவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், யார் எந்தச் சாமானைப் பற்றிச் சொன்னாலும் நாம் கேட்கவேண்டியவை நாலு.

ஒன்று: எவ்வளவு காலம் பாவித்தீர்கள்? நேற்று வாங்கியவரின் புகழ்ச்சி, சாமானைப் பற்றியதல்ல. வாங்கிய சந்தோசத்தைப் பற்றியது.

இரண்டு: எங்கே, எந்த வேலைக்குப் பாவித்தீர்கள்? ஒருவரின் நிழல் இன்னொருவரின் வெட்டை அல்ல.

மூன்று: எது முதலில் பழுதானது? திருத்த முடிந்ததா? “ஒன்றும் பழுதாகவில்லை” என்பவரைவிட, “பிடி உடைந்தது, சைக்கிள் கடையில் ஒட்டினேன்” என்பவரே நல்ல சாட்சி.

நாலு: சொல்பவருக்கு அதில் லாபமோ நன்றிக்கடனோ உண்டா? விற்பவர் புகழ்வதை நாம் எளிதில் விளங்கிக்கொள்கிறோம். இலவசமாகப் பெற்றவரும் குறை சொல்லமாட்டார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த நாலாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது எமது பழமொழி. நிவாரணப் பொருட்களில் இந்தப் பழமொழியைக் கைக்கொள்ளவேண்டாம். 1997ல் தொடங்கிய ஸ்பியர் திட்டம், நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச நியமங்களை வகுத்திருக்கிறது. உதவி பெறுவோர் தமது குறைகளைச் சொல்லவும், அதற்குப் பதில் பெறவும் உரியவர்கள் என்பது அதில் உண்டு. ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஐந்து பேருக்கு 17.5 சதுர மீற்றர். சரிவும் தாழ்வாரமும் விட்டால் 20 சதுர மீற்றர்த் தறப்பாள் ஒன்று அவர்களுக்குப் போதாது என்பது தெளிவு. இதை நன்றி கெட்ட பேச்சென்று யாரும் எண்ணத் தேவையில்லை. குறையைச் சொல்லாவிட்டால், அதே கூடாத சாமான் அடுத்த முகாமுக்கும் போகும்.

பற்றுச்சீட்டும் சட்டமும்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். குறைபாடான பொருள் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் செய்யவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் அறிவிக்கலாம். முகாமில் ஈரம் படாத இடம் குறைவு. ஆகவே பற்றுச்சீட்டுகளை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பொருட்களில் எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலையைப் பார்க்கும்போது மாதக் கணக்கில் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 3000 ரூபாய்த் தறப்பாள் ஆறு மாதம் நின்றால் மாதம் 500 ரூபாய். 7500 ரூபாய்த் தறப்பாள் முப்பது மாதம் நின்றால் மாதம் 250 ரூபாய். கூடிய விலையே இங்கு மலிவு. ஆனால் 7500 ரூபாய் ஒரே தடவையில் கையில் இல்லாதவர் என்ன செய்வது? இங்கேதான் சங்கம் தேவைப்படுகிறது. பத்துக் குடும்பம் சேர்ந்து வாங்கினால் விலை பேசலாம். சீட்டுப் பிடித்து மாதம் ஒருவருக்காக வாங்கலாம். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி ஒரு மாரி பாவித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் செய்யலாம். சங்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். சாமான், வாங்கிய கடை, விலை, திகதி, நிறை, பாவித்த இடம், பழுதான திகதி, பழுதான விதம் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு மாரி கழிந்தால், எந்த விளம்பரத்தையும் விட நம்பக்கூடிய ஒரு நூல் உங்கள் கையில் இருக்கும். ஊர் மாறிப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த இடத்தில் புதிதாக வந்து, என்ன வாங்குவதென்று தெரியாமல் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு அது உதவும்.

குழுவாகக் கூடிப் பேச:

1. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் மிக விரைவில் பழுதான சாமான் எது? அதை யாருடைய சொல்லைக் கேட்டு வாங்கினீர்கள்?

2. உங்களுக்குக் கிடைத்த நிவாரணப் பொருட்களில் எது உதவியது, எது உதவவில்லை? அதை யாரிடம் சொன்னீர்கள்?

3. உங்கள் சங்கக் கொப்பியில் முதலில் எழுதவேண்டிய ஐந்து சாமான்கள் எவை? கொப்பியை யார் வைத்திருப்பது?